கிடந்தவனின் மூன்று பெயர்கள்

(நீலகிரி மாவட்டத்து ஜெகதளாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் அச்சாகிறது.)



அருவங்காட்டில் இறங்கி மேலே ஏறி வரும்போது ஜீப் ஓட்டிய தம்பி, "பனி இறங்கிடும் சார், சீக்கிரம் முடிச்சுடுங்க" என்றார். இதுவரை எந்த மேடையிலும் எனக்கு இவ்வளவு நேர்மையான வரவேற்புரை கிடைத்ததில்லை. ஆகவே நன்றியுரையைச் சுருக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஜெயமோகன் எழுதி 1997-இல் வெளிவந்த 'விஷ்ணுபுரம்'. தமிழில் மிகுபுனைவு என்ற சொல்லுக்கு இவ்வளவு பெரிய உடலைக் கொடுத்த நாவல் அதற்கு முன் இல்லை. இந்தியத் தத்துவ மரபு முழுவதையும் கதைக்குள் இறக்கிப் பார்த்த நாவல் என்றாலும் அதுதான்.

ஆனால் முதலில் உங்கள் ஊர்ப்பெயர். 1852-இல் ஆங்கிலேயர் கீழே படைவீடு கட்டத் தொடங்கியபோது அந்த இடத்தை இந்த ஊர்ப்பெயரால்தான் அழைத்தார்கள். அவர்கள் நாக்கில் அது ஜக்கட்டலா. 1860-இல் அதை வெலிங்டன் என்று மாற்றினார்கள். 1852-இல் மறைந்த ஒரு பிரிட்டிஷ் தளபதியின் பெயர் அது. கட்டடம் அதேதான், மண்ணும் அதேதான், பெயர்ப்பலகை மட்டும் மாறியது. பெயரைப் பறிகொடுத்த ஊர் மேலே இங்கே தன் பெயரோடு தேயிலைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சின்ன வரலாற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

விஷ்ணுபுரம் என்பது ஒரு கோயில் நகரம். வரைபடத்தில் கிடையாது. ஹரிததுங்கா என்ற மலையும், செந்நீர் ஓடும் சோனா என்ற ஆறும், அதன் கரையில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கோபுரங்களும். கோயிலுக்குள் ஒரு மாபெரும் உருவம் படுத்துக் கிடக்கிறது. நகரம் மொத்தமும் அந்தக் கிடந்த உருவத்தைச் சுற்றி வளர்ந்தது. யுகத்துக்கு ஒருமுறை அது புரண்டு படுக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கோயிலைக் கட்டியவர்களுக்கு அது விஷ்ணு. அவர்களுக்கு முன்பே அந்தக் காட்டில் வாழ்ந்த செம்பர் என்னும் பழங்குடியினருக்கு அது அவர்கள் பெருமூப்பன், குலத்தின் முதல் கிழவன், உறங்கிக்கொண்டிருப்பவன். பௌத்தர்கள் வந்தபோது அவர்கள் கண்ணுக்கு வேறொன்றாகத் தெரிந்தது. கல் ஒன்று, பெயர் மூன்று. எந்தப் பெயர் வெல்கிறதோ அந்தப் பெயரைச் சொல்பவன் நகரத்தை ஆள்கிறான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சிலை எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். அவரை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. மூன்று வாசல்கள் வழியாகத் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் ஒரு வாசலில் பாதம் தெரியும்போது முகம் இருட்டில் இருக்கும். அடுத்த வாசலுக்கு நகர்ந்தால் பாதம் போய்விடும். திருவனந்தபுரத்திலும் இதே கதைதான். நான் சிறுவனாக முதல்முறை போனபோது மூன்று சாமி இருப்பதாக நினைத்து மூன்று முறை விழுந்து கும்பிட்டேன். அம்மா சிரித்தார்.

நாவலின் மூன்று பாகங்களுக்கும் 'ஸ்ரீபாதம்', 'கௌஸ்துபம்', 'மணிமுடி' என்று பெயர். கால், மார்பு, தலை. அதாவது மூன்று வாசல்கள். ஆசிரியர் நம்மை வாசல் வாசலாக நிறுத்திக் காட்டுகிறார், முழுதையும் ஒருபோதும் காட்டுவதில்லை. என் வாசிப்பில் இந்த நாவலின் தத்துவம் அதில் வரும் விவாதங்களைவிட இந்தக் கட்டட அமைப்பில்தான் அதிகம் இருக்கிறது. அறிவு வாசல் வழியாக மட்டும்தான் கிடைக்கும். எந்த வாசலில் நிற்கிறாயோ அது உன் தரிசனம். 'தரிசனம்' என்ற சொல்லுக்குக் கோயில் பொருளும் தத்துவப் பொருளும் ஒன்றாக இருப்பது இந்திய மொழிகளின் அதிர்ஷ்டம். இந்த நாவல் அந்த ஒரு சொல்லைக் கல்லால் கட்டிய நகரமாக்கியிருக்கிறது.

காலத்திலும் இதே விளையாட்டு உண்டு. முதல் பாகம் நடுவில் நடப்பது. திருவிழாவுக்குத் திரளும் கூட்டம், தன் காவியத்தை அரங்கேற்ற வந்து அலைக்கழியும் கவிஞன் சங்கர்ஷணன், குருகுலத்தில் பொறுமை இழக்கும் பிங்கலன், காதலில் பித்தாகும் பாடகன் திருவடி என்று ஒரு பெரிய நெரிசல். அந்த நெரிசலில் எல்லோரும் பழங்கதையாகச் சொல்லும் அஜிதனும் பவதத்தரும் இரண்டாம் பாகத்தில் ரத்தமும் சதையுமாக வருகிறார்கள். ஏனென்றால் அது காலத்தால் முந்தியது. மூன்றாம் பாகம் பிந்தியது. அங்கே போனால் நாம் முதல் பாகத்தில் பசியோடும் வியர்வையோடும் பார்த்த மனிதர்கள் புராணமாகிப் போயிருக்கிறார்கள். திருவடி ஆழ்வாராகிவிட்டார். அவன் அழுக்கு வேட்டியைப் பார்த்தவர்கள் நாம். பக்தர்கள் அவருக்குப் பாசுரக் கதை சொல்கிறார்கள். ஒரு மனிதன் எப்படித் தெய்வமாகிறான் என்பதை ஆராய்ச்சிக் கட்டுரையில் படிக்கலாம். பக்கத்தில் நின்று பார்த்த உணர்வை இந்த நாவல் தருகிறது, அதுவும் காலத்தை முன்பின்னாகக் கலைத்துப் போட்டதால் மட்டுமே.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம், ஏறத்தாழ 1500 ஆண்டுகள். இப்படியொரு நூல் தமிழில் முதல்முறை என்பதுபோல் முன்னே சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன், நாவல் வடிவில் முதல்முறை. கடல்தெய்வம் ஒரு பெண்ணைத் தூக்கத்திலேயே எடுத்துச்சென்று மணிபல்லவத் தீவில் இறக்கிவிடுகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அவள் கைக்கு வருகிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசியோடு ஒருத்தி அலைகிறாள். விரும்பிய உருவம் எடுக்கும் மந்திரம், பழம்பிறப்பு உணர்த்தும் பீடிகை. இவ்வளவும் 'மணிமேகலை'. அந்தக் காப்பியம் 30 காதைகளில் முடிகிறது. முடியப்போகும் நேரத்தில், 27-ஆம் காதையில், அந்தப் பெண் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். 29-இல் பௌத்த தர்க்கமே பாடமாக நடக்கிறது.

உ.வே.சாமிநாதையர் 1898-இல் இதைப் பதிப்பித்தபோது பட்டபாடு தனிக்கதை. பௌத்தம் தமிழ்நாட்டிலிருந்து மறைந்து சொல் மட்டும் ஏட்டில் மிஞ்சியிருந்தது. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, ஐயர் பிடித்துக்கொண்டார். கடைசிக் காதைகளை இன்றும் தமிழ் வகுப்புகளில் வேகமாகத் தாண்டிப் போகிறோம். ஆசிரியர் அனுபவத்தில் சொல்கிறேன், நானும் தாண்டியவன்தான்.

தாண்டியிருக்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது இந்த மலையில். தர்க்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு உண்டு. மணிமேகலையின் தர்க்கக் காதை இதில் ஏற்படக்கூடிய குற்றங்களைப் பட்டியலிடுகிறது. அதில் ஒன்றுக்குச் சித்தாசித்தம் என்று பெயர். தூரத்தில் தெரிவது புகையா, நீராவியா, பனியா என்ற ஐயம் தீராமலே அதை வைத்து நெருப்பு உண்டு என்று சாதிப்பது. சமவெளியில் உட்கார்ந்து படிக்கும்போது இது வெறும் சூத்திரம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றேன். எதிர்ச்சரிவில் வெள்ளையாக ஒன்று எழுந்தது. தேயிலைத் தொழிற்சாலைப் புகை என்றேன். கூட வந்தவர் பனி என்றார். பத்து நிமிடம் வாதிட்டோம். அது நகர்ந்து எங்கள் மேலேயே வந்து கண்ணாடியை நனைத்தபோதுதான் வழக்கு முடிந்தது. அந்தக் காதையை எழுதியவர் மலையைப் பார்த்தவர் என்று அன்று தோன்றியது. வடமொழித் தர்க்க நூலிலும் இதே எடுத்துக்காட்டு இருக்கிறது என்பதால் அந்த மலை எந்த மலை என்று கேட்கக் கூடாது. இருந்தாலும் உங்கள் ஊரில் இந்தக் காதையை நடத்துவதுபோல் வேறெங்கும் நடத்த முடியாது. ஜன்னலைத் திறந்தால் கரும்பலகை தேவையில்லை.

'நீலகேசி' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பேய், கேட்டது சரி, பேய்தான், சமண முனிவரிடம் அடங்கி, பிறகு ஊர் ஊராகப் போய்ச் சமயவாதிகளை வாதுக்கு இழுக்கிறாள். பேய்க்கதையாகத் தொடங்கித் தத்துவ வாதமாக முடியும் நூல். இதையெல்லாம் வைத்திருந்த மொழியில், நாவல் வந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும், தத்துவ விவாதத்தைக் கதையின் நடுக்கூடத்தில் வைக்க 1997 வரை யாரும் துணியவில்லை. கல்யாணமும் சொத்துத் தகராறும் கடந்த நூற்றாண்டு நாவல்களின் இடத்தை அடைத்துக்கொண்டன. குறை சொல்லவில்லை, அவற்றில் சில எனக்கு மிகப் பிடித்தவை.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதில் இந்த மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. இங்கிருந்து ரயிலில் ஏறினால் கேத்தி, லவ்டேல் தாண்டி ஃபெர்ன்ஹில். அங்கே நாராயண குருகுலம் இருக்கிறது. நாராயண குருவின் மாணவர் நடராஜ குரு 1923-இல் நீலகிரியில் தொடங்கிய அமைப்பு அது. நடராஜ குரு, சமூக சீர்திருத்தவாதி டாக்டர் பல்புவின் மகன், பாரிஸின் சோர்போனில் ஆய்வுப்பட்டம் பெற்றவர். அவருக்குப் பின் நித்ய சைதன்ய யதி. தத்துவமும் உளவியலும் கற்பித்தவர், உலகம் சுற்றியவர், 1999 மே மாதம் ஃபெர்ன்ஹில்லில்தான் மறைந்தார். ஜெயமோகன் தொண்ணூறுகளில் அவரிடம் வந்து போனார். தன் ஆசிரியர் என்று நித்யாவைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறார். நித்யா மறைந்த பிறகும் அவர் பெயரில் அதே குருகுலத்தில் இலக்கிய முகாம்கள் நடந்தன. ஊட்டிக்குப் பூங்காவும் ஏரியும் பார்க்க வந்து திரும்பும் கூட்டத்துக்கு நடுவே, கம்பளி போர்த்திக்கொண்டு கம்பனும் வேதாந்தமும் பேசிய ஒரு சிறு கூட்டமும் இந்த மலைக்கு வந்துகொண்டிருந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் குருமரபில் வாதம் பற்றி ஒரு நிலைப்பாடு உண்டு. 1924-இல் ஆலுவாயில் நாராயண குரு சர்வமத மாநாடு கூட்டியபோது, இங்கே கூடியது வாதில் வெல்ல இல்லை, ஒருவர் மற்றவரை அறிந்துகொள்ளத்தான் என்ற பொருளில் வாசலிலேயே எழுதி வைத்தார்கள். விஷ்ணுபுரத்தின் 'கௌஸ்துபம்' பாகத்தை இந்த வாசகத்தை அடியில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பாகத்தில் ஞானசபை கூடுகிறது. வைதிகத் தரப்பின் பெருந்தலை பவதத்தர். எதிரே இளம் பௌத்தன் அஜிதன். நியாயம், சாங்கியம், மீமாம்சை என்று ஒவ்வொரு தரப்பும் எழுந்து பேசுகிறது. பக்கம் பக்கமாக வாதம். படித்துக் களைத்தவர்கள் உண்டு, நானே முதல்முறை ஐம்பது பக்கத்தைப் புரட்டித் தள்ளினேன். இரண்டாம் முறைதான் அங்கே நடப்பது மல்யுத்தம் என்று தெரிந்தது. சொல்லால் ஒருவன் இன்னொருவனின் பிடியைத் தளர்த்துகிறான். அரங்கில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் தோற்ற தரப்பு நகரத்தையே இழக்கும்.

அஜிதன் வெல்கிறான். கோயிலின் கிடந்த உருவத்துக்குப் பெயர் மாறுகிறது. அதற்குப் பிறகு அவன் தரிசனம் அதிகாரமாக மாறுவதை அவனால் தடுக்க முடிவதில்லை. பவதத்தரின் தோல்வியில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அஜிதனின் வெற்றியில் ஒரு பெரிய தனிமை. வாதில் வெல்வதற்கும் அறிவதற்கும் நடுவே உள்ள பள்ளத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய இன்னொரு தமிழ்ப் படைப்பு எனக்குத் தெரியாது.

வெளியே ஒரு பார்வை, சுருக்கமாக. கீழைத் தத்துவத்தைக் கடன் வாங்கிய மேலை மிகுபுனைவுகள் நிறைய. ரோஜர் ஜெலாஸ்னி 1967-இல் 'லார்ட் ஆஃப் லைட்' எழுதினார். வேற்றுக்கிரகத்தில் தொழில்நுட்பத்தால் தங்களை இந்துத் தெய்வங்களாக்கிக்கொண்ட மனிதர்கள், அவர்களை எதிர்க்க ஒரு புத்தன். கெட்டிக்கார நாவல். ஆனால் அங்கே தத்துவம் நாடகக்காரர் உடுத்திய உடை, கழற்றி மாட்டலாம். உர்சுலா லெ குவின் வேறு ரகம். 1968-இல் வந்த அவருடைய 'எர்த்ஸீ' முதல் நூலில் மந்திரம் என்பது பொருளின் உண்மைப் பெயரை அறிவது. தாவோ அவருக்குள் ஊறிப்போயிருந்தது. தாவோ தே ஜிங்கை அவர் ஆங்கிலத்தில் தந்த நூல் வெளிவந்த ஆண்டும் 1997. ஒரே ஆண்டில் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு மிகுபுனைவாளர்கள் பெயரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். எர்த்ஸீயில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அறிந்தவன் மந்திரவாதி. விஷ்ணுபுரத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. எல்லாப் பெயரும் யாரோ வைத்தது. பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரின் நாட்டில் பிறந்த நாவல் அப்படித்தான் இருக்க முடியும்.

நாவலின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது பாராட்டு விழா ஆகிவிடும். அது வந்தபோது இந்துத்துவ நாவல் என்று முத்திரை குத்தியவர்கள் உண்டு. கோயில் அதிகாரம் மனிதர்களை எப்படி மென்று துப்புகிறது என்று அந்த நாவல் காட்டும் பக்கங்களைப் படித்துவிட்டு யாரும் அதை நம்ப முடியாது. அந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளுகிறேன். என் குறைகள் வேறு. ஒன்று, பெண்கள். பலர் அழகின் படிமமாகவோ துயரத்தின் படிமமாகவோ நிற்கிறார்கள். சங்கர்ஷணனின் மனைவி லட்சுமிக்கு வரும் புத்திர சோகம் மட்டும் விதிவிலக்கு, அங்கே நாவல் தன் கோபுரங்களையெல்லாம் மறந்துவிட்டு அழுகிறது. இரண்டு, செம்பர்கள். கல்லுக்கு முதல் பெயர் வைத்தவர்கள் அவர்கள். ஆனால் ஞானசபையில் அவர்களுக்கு ஆசனம் இல்லை. அது வரலாற்றுக்கு உண்மைதான். நாவலாவது அவர்கள் குடிசைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். பெருமூப்பன் எங்கள் தாத்தா என்று சொல்பவனுக்கு அது எப்படிப்பட்ட உணர்வு? வாதத்தில் வருமா அது? பிரத்யட்சம், அனுமானம், ஆகமம் என்று பிரமாணங்களை எண்ணுகிறார்களே, தாத்தா என்பது இதில் எந்தப் பிரமாணம்?

மூன்றாம் பாகத்தின் முடிவைச் சொல்லப்போவதில்லை. வெள்ளம் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். பின்வரிசை மாணவர்கள் மீதியைப் படித்துக்கொள்ளட்டும், தடிமனான புத்தகம், தேர்வுக்கு வராது.

இந்தப் பேச்சைத் தயாரிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வந்தது விஷ்ணுபுரத்தின் கோபுரமில்லை, உங்கள் ஹெத்தைத் திருவிழா ஊர்வலம். பல ஆண்டுகளுக்கு முன், இந்த மலைக்குப் புதியவனாக, சாலையோரம் நின்று பார்த்தேன். வெள்ளை முண்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக ஆண்கள், வெள்ளை உடுத்த பெண்கள், குடைகள், கையில் தடி. சத்தமில்லாத வெண்மை மலைச்சரிவில் நகர்ந்து வந்தது. நான் அப்போதும் பனி, புகை என்று குழம்பக்கூடிய ஆள்தான். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாவிடம், "இது என்ன அம்மன்? பார்வதியா, மாரியம்மனா?" என்று கேட்டேன். சமவெளிக்காரன் கேள்வி. எந்த வாசலில் நிற்பது என்று கேட்டிருக்கிறேன், இப்போது புரிகிறது.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஹெத்தை" என்றார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழில் சொன்னார். "பாட்டி."

"யாருடைய பாட்டி?"

"எங்க பாட்டிதான், வேற யாரு பாட்டி?" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நடந்து போனார்.

ஜீப்காரத் தம்பி வாசலில் வந்து நிற்கிறார். முன்விளக்கைப் போட்டுவிட்டார். கேள்விகள் இரண்டு மட்டும்.